மேசைக்கடியில் ஒரு முகம்

(பொதுக்காலம் 20-ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு)



இன்றைய நற்செய்தியில், மத்தேயு 15-ஆம் அதிகாரத்தில், ஒரு தாய் வருகிறார். கானானியப் பெண். தீர், சீதோன் பக்கத்தவர். மகளைப் பேய் பிடித்து வாட்டுகிறது என்று கதறிக்கொண்டே இயேசுவின் பின்னால் வருகிறார். ஆண்டவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சீடர்களுக்கு அந்தக் கூப்பாடு பொறுக்கவில்லை. இவளை அனுப்பிவிடும் என்கிறார்கள். பிறகு பிள்ளைகளுக்குரிய உணவு, நாய்கள் என்று ஒரு பேச்சு வருகிறது. கேட்கவே கசப்பான பேச்சு. அதை இனிப்பு தடவி உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்தத் தாய் கேட்டபடியே நாமும் கேட்போம். அவர் சுருண்டு போகவில்லை. மேசையிலிருந்து விழும் துண்டுகள் நாய்க்குட்டிகளுக்கும் கிடைக்கின்றனவே என்கிறார். ஆண்டவர் அவருடைய நம்பிக்கையைப் பெரிது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார். அந்த நேரமே மகள் குணமடைகிறாள்.

இன்று ஆகஸ்ட் 16. புனித ரோக்கின் நாளும் இதுவே. கொள்ளைநோய்க் காலங்களில் நம் முன்னோர் ஆரோக்கியநாதர் என்று கூப்பிட்டு மன்றாடிய புனிதர். அவருடைய சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள்: யாத்திரைக்காரர் உடை, தொடையில் புண், காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய். நற்செய்தியிலும் நாய், புனிதரின் காலடியிலும் நாய். ஆகவே இன்று உங்களோடு ஒரு நாயைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், வீட்டு நாயின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைகிற ஓர் ஓவியர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி. மறையுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். நாம் கல்லை எடுத்து ஓங்கி விரட்டுகிற ஒன்றை இன்னொருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறார். அந்தப் பார்வை நமக்குத் தேவைப்படுகிறது.

முதல் சிக்கல், நாய் உட்காராது. மனிதரிடம் அப்படியே இருங்கள் என்று சொல்லலாம். நாயிடம் சொல்ல முடியாது. ஈ பறந்தால் தலை திரும்பும், தெருவில் சைக்கிள் போனால் எழுந்து ஓடும். அதனால் ஓவியர் தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் அதோடு பழக வேண்டும். எப்படிப் படுக்கிறது, எந்தக் காது முதலில் நிமிர்கிறது, எசமானின் செருப்புச் சத்தம் கேட்டால் முகம் எப்படி மாறுகிறது என்றெல்லாம் கவனித்துச் சின்னச் சின்னக் கோட்டுப்படங்களாகப் போட்டு வைக்க வேண்டும். புகைப்படமும் உதவும். ஆனால் புகைப்படத்தை அப்படியே நம்ப முடியாது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் பச்சையாக எரியும். பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்துத் தலை சிறுத்துப் போகும். நாம் நின்றபடி மேலிருந்து எடுக்கிற படத்தில் எந்த நாயும் கெஞ்சுவது போலத்தான் இருக்கும். ஆகவே நல்ல ஓவியர் தரையில் உட்காருகிறார். சில வேளை குப்புறப் படுக்கிறார். அதன் கண்மட்டத்துக்கு இறங்கிய பிறகுதான் அந்த முகம் அவருக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. இறங்கி வந்து பார்த்த கடவுளை வணங்குகிற நமக்கு இது விளங்காத காரியம் அல்ல.

அடுத்தது கித்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் நேரடியாக எண்ணெய் வண்ணத்தைப் பூசினால் எண்ணெய் நூலுக்குள் இறங்கி, காலப்போக்கில் துணியை மக்கச் செய்துவிடும். அதனால் முதலில் வெள்ளைப் பூச்சு கொடுத்துக் காயவைத்துத் தேய்க்கிறார்கள். அதன் மேல் டர்பன்டைனில் கரைத்த பழுப்பு மண் நிறத்தை மெல்லியதாகப் பரப்புகிறார்கள். வெள்ளைப் பரப்பு கண்ணை ஏமாற்றும். பழுப்பின் மேல் வைத்தால்தான் எது வெளிச்சம், எது நிழல் என்று சரியாகப் பிடிபடும். பிறகு கரித்துண்டால் தலை, தோள், மார்பு என்று இடம் குறிக்கிறார்கள். கண்ணையோ மீசையையோ அப்போது யாரும் தொடுவதில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். அப்போது உரோமம் மறைந்து, இருட்டும் வெளிச்சமும் பெரிய பெரிய திட்டுகளாக நிற்கும். முதலில் கித்தானில் ஏறுவது அந்தத் திட்டுகள்தான். ஒவ்வொரு முடியாக வரையத் தொடங்குகிறவருக்குக் கடைசியில் முடி கிடைக்கும், நாய் கிடைக்காது.

வண்ணங்களைப் பாருங்கள். மஞ்சள் காவி மண். செங்காவி மண். பழுப்பு நிறங்களும் பெரும்பாலும் மண், சில சுட்ட மண். ‘ஐவரி பிளாக்’ என்று விற்கிற கறுப்பு ஒரு காலத்தில் யானைத் தந்தத்தை எரித்துச் செய்தது. இப்போது விலங்கின் எலும்பைக் காற்றுப் புகாமல் எரித்த கரி. இவற்றைக் குழைப்பது ஆளிவிதை எண்ணெய். ஆக, மண்ணாலும் எலும்பாலும் விதையாலும் ஒரு உயிரின் சாயலை உண்டாக்குகிறார்கள். தொடக்கநூல் 2-ஆம் அதிகாரத்தில் கடவுள் மனிதனை மண்ணால் உருவாக்குகிறார். அதே அதிகாரத்தில் விலங்குகளையும் மண்ணாலேயே உருவாக்குகிறார். என்ன பெயர் வைக்கிறான் பார்ப்போம் என்று மனிதனிடம் கொண்டுவருகிறார். மனிதன் செய்த முதல் வேலை, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் வைத்தது. அந்த வேலையிலிருந்து நமக்கு இன்னும் ஓய்வு கொடுக்கப்படவில்லை என்றே நான் நம்புகிறேன்.

வெள்ளை நாய் வெள்ளையாக இருக்காது. இராசபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். பால் வெள்ளை என்போம். இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்ட நான்கு நாய் இனங்களில் அதுவும் ஒன்று. அதை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். முதுகில் வானத்தின் நீலம் இருக்கும். காதின் ஓரத்தில் இரத்தம் ஓடும் இளஞ்சிவப்பு இருக்கும். செம்மண் தரையில் நிற்கும்போது வயிற்றின் அடிப்பக்கம் தரையின் சிவப்பு ஏறியிருக்கும். கறுப்பு நாயும் அப்படியே. குழாயிலிருந்து பிதுக்கிய கறுப்பை அப்படியே பூசினால் கித்தானில் ஓட்டை விழுந்தது போல் தெரியும். நீலத்தையும் சுட்ட பழுப்பையும் கலந்துதான் உயிருள்ள கறுப்பை உண்டாக்குகிறார்கள். ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லி அந்த உயிரை முடித்துவிட முடியாது. தோலின் நிறத்தைச் சொல்லிப் பெண் பார்க்கிற, தோலின் நிறத்தைச் சொல்லிப் பிள்ளையைக் கேலி செய்கிற வீடுகளுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்.

எண்ணெய் வண்ணத்துக்கு அவசரம் ஆகாது. தண்ணீர் வண்ணம் ஈரம் ஆவியாகிக் காயும். எண்ணெய் அப்படிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு இறுகுகிறது. ஒரு பூச்சு தொடும்படி காயவே நாட்கள் ஆகும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். முறை மாறினால் மேற்பூச்சு முன்னதாக இறுகி, கீழ்ப்பூச்சு பின்னால் அசையும்போது வெடித்துவிடும். படம் முடிந்ததும் உடனே வார்னிஷ் அடிக்கவும் முடியாது. ஆறு மாதம், சில படங்களுக்கு ஒரு வருடம் கூடப் பொறுக்க வேண்டும். இதற்கிடையில் ஓவியர் பலமுறை திரும்பி வருகிறார், மறுபடி பார்க்கிறார், நேற்று கண்ணில் படாத ஒன்றை இன்று பார்க்கிறார். உரோமம் வளரும் திசையிலேயே தூரிகையை இழுக்கிறார்: நெற்றியிலிருந்து பின்னால், கன்னத்தில் சுழன்று கீழே, மார்பில் இரண்டு பக்கமும் வந்து கூடுகிற இடத்தில் ஒரு சுழி. கையால் பலமுறை தடவிக் கொடுத்தவருக்கு அந்தத் திசை மனப்பாடமாக இருக்கும்.

கண் கடைசியில் வருகிறது. மனிதக் கண்ணைப் போல் நாயின் கண்ணில் வெள்ளை அதிகம் தெரியாது; பழுப்பு, நடுவில் கருமணி, சுற்றிலும் கறுத்த இமை விளிம்பு. அதில் சின்னஞ்சிறு வெளிச்சப் புள்ளி ஒன்று வைத்ததும் முகம் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது? எதிரிலிருக்கும் சன்னலிலிருந்து. சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓவியரின் நிழலுருவமும் அதற்குள் இருக்கிறது.

வீட்டுக்காரர்கள் சில வேளை கேட்பார்கள்: காதில் அந்தக் கிழிசல் வேண்டாம், மூக்கோரத்து நரையை எடுத்துவிடுங்கள் என்று. நல்ல ஓவியர் எடுப்பதில்லை. அந்தக் கிழிசல் எந்த இரவில், எந்த வாசலில் வந்தது என்று அந்த வீட்டுக்குத் தெரியும். உயிர்த்த ஆண்டவர் தம் கைகளின் தழும்பை மறைக்கவில்லை. தோமாவிடம் அதையே காட்டினார்.

நாயின் எண்ணெய் ஓவியம் எதையும் நாங்கள் பார்த்ததில்லை என்று நினைப்பீர்கள். பெரியவர்களே, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ரேடியோ கடையிலும், கல்யாண வீட்டு மைக்செட்டுக்காரர் பெட்டியிலும், பழைய இசைத்தட்டின் நடுவிலும் ஒரு வெள்ளை நாய், கறுத்த காதோடு, ஊதுகுழலுக்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே. நாய் மார்க் என்போம். அது ஒரு கம்பெனி கற்பனையாகச் செய்த சின்னம் அல்ல. நிப்பர் என்ற, உண்மையிலேயே வாழ்ந்த வீட்டு நாயின் எண்ணெய் ஓவியம். 1884-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த நாய். அதை வளர்த்த மார்க் பராட் 1887-இல் இறந்துபோனார். அவருடைய தம்பி, ஓவியர் பிரான்சிஸ் பராட், அதைத் தன்னோடு அழைத்துக்கொண்டார். நிப்பர் 1895-இல் செத்தது. மூன்று ஆண்டு கழித்துத்தான் பிரான்சிஸ் அதை வரைந்தார். பேசும் கருவிக்கு முன்னால் காதைக் கொடுத்து, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று திகைத்து நிற்கிற முகம். முதலில் அதை வாங்க ஆளில்லை. 1899-இல் கிராமபோன் கம்பெனி நூறு பவுண்டு கொடுத்தது: படத்துக்கு ஐம்பது, உரிமைக்கு ஐம்பது. படத்திலிருந்த உருளைக் கருவியை அழித்து எங்கள் கிராமபோனை வரையுங்கள் என்றும் கேட்டது. அவர் அழிக்கவில்லை, அதன் மேலேயே வரைந்தார். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் பழைய கருவியின் தடம் அடியில் தெரியும் என்கிறார்கள். அந்த நாய் கடல் தாண்டி நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலைத் தாங்கிய தட்டுகளிலும் அது உட்கார்ந்திருந்தது.

செத்து மூன்று ஆண்டான நாயின் தலை எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று அந்த ஓவியருக்கு எப்படித் தெரிந்தது? அது உயிரோடு இருந்தபோது பார்த்திருந்தார். இறந்தபின் படம் மாட்டி மாலை போடுகிறோம். உயிரோடு இருந்தபோது அந்த முகத்தை எத்தனை நாள் நேராகப் பார்த்தோம்?

இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. நம் ஊரான கெடாரைக் கடந்து போகிற சாலை திருவண்ணாமலைக்குப் போகிறது. அதையும் தாண்டிச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட ஒரு வீரனுக்கு எடுத்தது. அந்தக் கல்லில் அவனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதையும் அந்த எழுத்தே சொல்கிறது. தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலால் அறிஞர்கள் கவனத்துக்கு வந்த கற்கள் அந்த வட்டாரத்துக் கற்கள். மகேந்திரவர்மனுக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டம் உண்டு. அவன் குடைவித்த மண்டகப்பட்டு, தளவானூர்க் குகைக்கோயில்கள் நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அரசன் கடவுளுக்குப் பாறையைக் குடைந்த அதே காலத்தில், பெயர் தெரியாத ஒரு கிராமத்துச் சிற்பி ஒரு நாய்க்கு உருவமும் கொடுத்துப் பெயரையும் எழுதிவைத்தான். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. கோவிவன் என்ற பெயர் தெரியும்.

நம் விவிலியத்திலும் அப்படி ஒரு நாய் உண்டு. தோபித்து நூலில் இளைஞன் தோபியா பயணம் புறப்படும்போது வானதூதர் ரபேல் துணைக்கு வருகிறார். கூடவே நாயும் போகிறது. திரும்பும்போதும் கூடவே வருகிறது. கதைக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் இறைவார்த்தை அதை விட்டுவிடாமல் எழுதி வைத்திருக்கிறது. லாசர் வாசலில் புண்ணோடு கிடந்தபோது பணக்காரன் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்தவை நாய்கள். ஆண்டவர் சொன்ன உவமையில் இருப்பதையே சொல்கிறேன்.

இனி புனித ரோக்கிடம் வருவோம். பதினான்காம் நூற்றாண்டில், பிரான்சின் மோன்பெலியே நகரத்துச் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. சொத்தைக் கொடுத்துவிட்டு யாத்திரை போனார். இத்தாலியில் கொள்ளைநோய்க்காரர்களுக்குப் பணிவிடை செய்தார். பியாசென்சா பக்கத்தில் அவருக்கே நோய் தொற்றியது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று காட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். அங்கே ஒரு பெரிய வீட்டு நாய் தினமும் எசமானின் மேசையிலிருந்து ரொட்டியைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது என்பது திருச்சபை வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. கானானியத் தாய் சொன்ன மேசையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே துண்டுகள் கீழே விழுந்து நாய்களுக்குக் கிடைத்தன. இங்கே நாய் அந்த மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், மனிதர் யாரும் நெருங்காத மனிதருக்குக் கொடுக்கிறது. மேசையின் கீழே இருப்பவர் என்று நாம் ஒதுக்கியவரின் கையால்தான் சில வேளை நமக்கே அப்பம் வந்து சேரும்.

சகோதரரே, சகோதரியே, நாய் என்று சொல்லி மனிதரைத் திட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாய்க்கால் தகராறிலும், வரப்புத் தகராறிலும், குடித்துவிட்டு வந்த இரவிலும் அதுதான் முதலில் வாயில் வருகிறது. சாதியைச் சொல்லி, தெருவைச் சொல்லி, அதையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திருமுழுக்குப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஒரே அப்பத்தை உண்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய வரலாறு தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு உண்டு. சீடர்கள் சொன்னதும் இதுவேதான்: அனுப்பிவிடும். அவர்கள் அந்தத் தாயின் கூப்பாட்டைக் கேட்டார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாயின் முகத்தை இப்படி வாரக்கணக்கில் பார்த்து, அதன் கண்ணுக்குள் ஒரு புள்ளி வெளிச்சத்தை வைத்து முடித்த கைக்கு, ஒரு மனிதரை நோக்கி அந்த வசையை வீச மனம் வருமா? வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைய முதல் வாசகத்தில் எசாயா, பிற இனத்தவருக்கும் இறைவனின் இல்லத்தில் இடம் உண்டு என்று அறிவிக்கிறார். நம் ஆலயத்தின் வாசலுக்கும் அது பொருந்தும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருச்சபையின் மறைக்கல்வி நூல் விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. அதே இடத்தில், மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவதும், மனிதருக்குரிய பாசத்தை அவற்றுக்குத் திருப்பிவிடுவதும் தகாது என்றும் சொல்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து நாய்க்குப் படம் வரைவித்துவிட்டு, வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் அம்மாவைப் பார்க்காதவருக்கு நான் இந்த உரையைச் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவ்தாத்தோ சீ’ சுற்றுமடலும் இரண்டையும் பிரிப்பதில்லை: பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் ஒன்றாகவே கேட்கச் சொல்கிறது.

நாய்க்கடியால் பிள்ளைகள் படுகிற பாடும் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் அதற்கு முன் தடுக்க முடியும். ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: நாய் வளர்க்கிறவர்கள் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். நாய் கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசியை எல்லாத் தவணையும் போட்டு முடியுங்கள். பிள்ளைகளே, கல்லெறியாதீர்கள், உங்களில் வரையத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டு நாயை, நீங்கள் தரையில் உட்கார்ந்து அதன் கண்மட்டத்திலிருந்து பார்த்து, பென்சிலிலாவது வரைந்து அடுத்த ஞாயிறு எனக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் வயலில் களை எடுக்க வருகிறவர், உங்கள் தெருவைக் கூட்டுகிறவர், பேருந்து நிறுத்தத்தில் படுத்திருக்கிறவர், இவர்களில் ஒருவரின் பெயராவது உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். இந்த வாரம் அவர் முகத்தை நேராகப் பார்த்து, உட்கார்ந்து பேசி, பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு மன்றாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி நாம் செபிப்போம்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.